கொல்லிமலையில் சிறு டிராக்டர்: கூதிர் காலத்துச் சக்கரப் பிடிப்பும் சங்கிலித் தேர்வும்

கொல்லிமலைச் சரிவுகளில் ஏரும் மாடும் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை இன்று பவர் டில்லரும் சிறு டிராக்டரும் செய்கின்றன. பாத்தி குறுகியது, பாதை குறுகியது, வளைவு மிகுந்தது. ஆகவே பெரிய யந்திரத்தைவிடச் சிறிய யந்திரமே மலைக்குப் பொருந்துகிறது. ஆயினும் ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால், அதே யந்திரம் மண் பாதையில் சக்கரம் சுழல நின்றுவிடுகிறது. அப்பொழுது அங்கத்தினர்கள் கேட்பது ஒரே கேள்வி: “வடநாட்டில் சக்கரத்துக்குச் சங்கிலி பூட்டுகிறார்களாமே, நாமும் வாங்கலாமா? அதற்குச் சங்கம் கடன் கொடுக்குமா?”

கேள்வி நியாயமானது. ஆனால் கடன் மனுவில் கையொப்பமிடுவதற்கு முன், வாங்கும் பொருள் எந்த இடத்துக்கு உரியது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிந்து கொள்ளவேண்டும். தவறான கருவியை வாங்கினால் பணம் மட்டும் போவதில்லை. மலைச் சரிவில் உயிருக்கே அபாயம் நேரலாம்.

பனி என்ற சொல்லால் வரும் மயக்கம்

சங்கிலி விற்பவர்களின் விளம்பரங்களில் ‘பனிக்காலத்துக்கு ஏற்றது’ என்று காணப்படும். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. நாம் பனி என்பது இலைமேல் இறங்கும் நீர்த்துளியும் காலை மூடுபனியுமே. விளம்பரம் கூறும் பனியோ, நிலத்தின்மேல் அடி கணக்கில் விழுந்து இறுகும் வெண்பனி. காஷ்மீரத்தில் தங்மார்க்கிலிருந்து குல்மார்க்குக்கு ஏறும் சாலையில் அத்தகைய பனி பெய்யும் நாட்களில், சங்கிலி பூட்டாத வண்டிகளை மேலே விடுவதில்லை. அங்கே அது அவசியமான சாதனம்.

தமிழ்நாட்டில் உதகை போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி புல்வெளியில் படிவதுண்டு. அதுவும் வெயில் ஏறியதும் உருகிவிடும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டருக்கு மேல் அமைந்த நமது மலைப்பரப்பில் குளிர் உண்டே தவிர, வெண்பனி இல்லை. நமக்குத் தொல்லை தருவது முன்பனியும் அன்று, பின்பனியும் அன்று. கூதிர் காலத்து மழையில் ஊறிய செம்மண்ணே நம்முடைய பனிக்கட்டி.

இதில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. டயர்ச் சங்கிலிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர், ஆண்டு 1904. சேற்றிலும் பனியிலும் வழுக்காதிருக்க வண்டியோட்டிகள் சக்கரத்தில் கயிற்றையும் கொடியையும் சுற்றியதைக் கண்டு அவர் இதனை அமைத்தார் என்பர். ஆகவே சங்கிலி சேற்றுக்கு அறவே அந்நியமானதன்று. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும், திரூரில் தமிழ்நாட்டின் முதல் கடன் சங்கம் பதிவானதும் அதே 1904ஆம் ஆண்டில்தான். கருவிக்கும் நம் இயக்கத்துக்கும் வயது ஒன்றே.

பிடிப்பு என்பது யாது?

யந்திரத்தின் குதிரை சக்தி எவ்வளவாயினும், அது தரையைத் தள்ளினால்தான் வண்டி நகரும். அந்தத் தள்ளும் வலிமைக்கு எல்லை உண்டு. சக்கரத்தின்மேல் நிற்கும் எடை, தரையின் தன்மை ஆகிய இரண்டுமே அந்த எல்லையை நிர்ணயிக்கின்றன. உலர்ந்த தார்ச் சாலையில் ரப்பர் டயர், தன்மேல் நிற்கும் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வரை பிடித்துத் தள்ளும். வழுக்கும் ஈரக் களிமண்ணில் அது கால் பங்காகக் குறையலாம். பனிக்கட்டியின்மேல் பத்தில் ஒரு பங்குதான்.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். டிராக்டரின் எடை 900 கிலோ. அதில் பின்சக்கரங்கள் தாங்குவது 600 கிலோ. பாரத்தோடு டிரெய்லர் 1,500 கிலோ. மொத்தம் 2,400 கிலோ. பாதை பதினைந்தடிக்கு ஓரடி உயர்கிறது. ஏற்றத்துக்காக மட்டும் 160 கிலோ இழுவை வேண்டும். சக்கரம் உருள்வதற்கு மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 120 கிலோ வேண்டும் என்று கொள்வோம். ஆக 280 கிலோ. உலர்ந்த சாலையில் பின்சக்கரங்களுக்குக் கிடைக்கும் பிடிப்பு 450 கிலோ, வண்டி ஏறிவிடும். ஈரக் களிமண்ணில் கிடைப்பது 150 கிலோ; வண்டி ஏறாது. டிரெய்லரைக் கழற்றிவிட்டால் டிராக்டருக்கு மட்டும் வேண்டுவது 105 கிலோ, அது ஏறிவிடும். “தனியாகப் போகிறது, டிரெய்லரோடு நிற்கிறது” என்று உழவர் கூறுவதன் காரணம் இதுவே.

இனி, சக்கரத்தில் 100 கிலோ எடை கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிடிப்பு 25 கிலோ கூடும். ஆனால் கூட்டிய எடையையும் மேட்டில் ஏற்றவேண்டுமாதலால் ஏறக்குறைய 12 கிலோ செலவாகும். நிகர ஆதாயம் 13 கிலோதான். வழுக்கும் பாதையில் எடை கூட்டுவதைவிடப் பாரம் குறைப்பதே பெரிய லாபம் என்பது இதனால் விளங்கும்.

டயரை முதலில் பார்க்கவேண்டும்

1932இல் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயரோடு டிராக்டரை விற்கத் தொடங்கியது. அதற்கு முன் டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரமே இருந்தது. அதில் பற்கள் பொருத்தியிருப்பார்கள். இன்றைய டயரின்மேல் சாய்வாக நிற்கும் தடித்த ரப்பர்ப் பட்டைகள் அந்தப் பற்களின் வேலையைச் செய்கின்றன. அவை தேய்ந்து மழுங்கியிருக்குமானால் சங்கிலி வாங்கும் பணத்தை டயருக்குச் செலவிடுவதே முறை.

டயரின் பக்கவாட்டில் ‘ஆர்-1’, ‘ஆர்-2’ என்ற குறிகளைக் காணலாம். ஆர்-1 பொதுவான உழவுக்குரியது. ஆர்-2 பட்டைகள் மிக ஆழமானவை. சேற்று வயலுக்கும் கரும்புக் காட்டுக்கும் உரியவை. தார்ச் சாலையில் விரைவில் தேயும். ஆர்-3 புல்தரைக்கும், ஆர்-4 கட்டுமான வேலைக்கும் உரியவை. டயரின்மேல் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். டயரைத் திருப்பிப் பூட்டினால் பட்டைகளுக்கிடையே சேறு அடைத்துக்கொண்டு பிடிப்புக் குறைந்துவிடும்.

சங்கிலியின் வகைகள்

நெசவாள அங்கத்தினர்களுக்கும் விளங்குமாறு கூறுவதானால், டயர்ச் சங்கிலி என்பது தறியில் ஓடும் துணியைப் போன்றதே. சக்கரத்தின் இரு பக்கமும் வட்டமாகச் சுற்றி நிற்கும் பக்கச் சங்கிலிகள் பாவு. டயரின் முகத்தின்மேல் குறுக்கே கிடக்கும் சங்கிலிகள் ஊடை. ஊடை எவ்வளவு நெருக்கம், எவ்வாறு பின்னப்பட்டது என்பதைக் கொண்டே தரம் பிரிக்கிறார்கள்.

முதலாவது, ஏணி வகை. குறுக்குச் சங்கிலிகள் ஏணிப் படிகளைப் போல நேராகக் கிடக்கும். பக்கச் சங்கிலியின் நான்கு கண்ணிக்கு ஒரு படி வைத்தது விலை குறைந்தது. இரண்டு கண்ணிக்கு ஒரு படி வைத்தது நெருக்கமானது, எடை கூடியது. இரண்டாவது, சாய்சதுர வகை. குறுக்குச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டம் கட்டமாக அமைந்திருக்கும், விலை அதிகம்.

இங்கே பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. ஆர்-1 டயரின் பட்டைகளுக்கிடையே ஆழமான பள்ளம் இருக்கிறது. நான்கு கண்ணிக்கு ஒரு படி வைத்த ஏணிச் சங்கிலியை அதன்மேல் பூட்டினால், குறுக்குச் சங்கிலிகள் அந்தப் பள்ளத்தில் விழுந்து மறைந்துவிடும். தரையைத் தொடுவது பழையபடி ரப்பர்ப் பட்டைதான். சங்கிலி இருந்தும் இல்லாததற்குச் சமம். உழவு டயருக்குச் சங்கிலி வாங்குவதானால் சாய்சதுர வகையோ, குறைந்தபட்சம் இரண்டு கண்ணி ஏணி வகையோதான் பயன் தரும். விலை மலிவென்று நான்கு கண்ணிச் சங்கிலியை வாங்குவது காசைக் கரியாக்குவதாகும்.

அளவு பார்க்கும் விதம்

டயரில் 8.3-24 என்று எழுதியிருந்தால், அகலம் 8.3 அங்குலம், உள்ளே ரிம்மின் விட்டம் 24 அங்குலம் என்பது பொருள். ஒரு டயர் எண்ணுக்கு வாங்கிய சங்கிலி மற்றொன்றுக்குப் பொருந்தாது. பெரிதானால் இறுகாது, சிறிதானால் முனைகள் கூடாது.

இரண்டாவதாக, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலும், உட்புறத்தில் டயருக்கும் யந்திர உடலுக்கும் இடையிலும் எவ்வளவு இடைவெளி உள்ளது என்று அளக்கவேண்டும். சங்கிலி ஓடும்போது வெளித்தள்ளி நிற்கும். இரண்டு அங்குலத்துக்குக் குறைவாக இடைவெளி இருந்தால் அந்த யந்திரத்துக்குச் சங்கிலி வேண்டாம். சிறு டிராக்டர்கள் பலவற்றில் இந்த இடைவெளி குறைவே. யந்திரத்துடன் வந்த கைப்புத்தகத்தில் சங்கிலி கூடாதென்று எழுதியிருக்குமானால் அதுவே முடிவு.

பூட்டும்போது யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைக்கவேண்டும். குறுக்குச் சங்கிலியின் கொக்கி வாய்கள் வெளிப்புறம் நோக்கி இருக்கவேண்டும். உட்புறம் நோக்கினால் டயரை அறுத்துவிடும். முதலில் உட்பக்கத்தையும் பிறகு வெளிப்பக்கத்தையும் மாட்டிச் சமமாக இறுக்கவேண்டும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி மீண்டும் இறுக்குவது கட்டாயம். கண்ணி பாதி தேய்ந்தால் மாற்றிவிடவேண்டும். அறுந்த சங்கிலி சாட்டையைப் போல் வீசி மட்கார்டையும் மனிதனையும் அடிக்கும்.

எந்த இடத்துக்கு எந்தக் கருவி?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைச்சாலை தார்ச் சாலை. அங்கே சங்கிலி கூடாது. இரும்பு தார்மேல் பிடிப்பதைவிட வழுக்குவதே அதிகம். சாலையும் கெடும், சங்கிலியும் தேயும். அச்சாலைக்கு வேண்டியவை நல்ல டயரும், அளவான பாரமும், நல்ல பிரேக்குமே.

பள்ளத்தாக்கின் நெல் வயல்களில் சேறு அடிக்கச் சங்கிலியால் பயனில்லை. அங்கே கேஜ் வீல் என வழங்கும் இரும்புக் கூண்டுச் சக்கரமே சரியானது. அதன் அகலம் யந்திரத்தைப் புதையவிடாமல் தாங்கும். அதன் பட்டைகள் சேற்றைக் கலக்கும். வயலை விட்டு ஏறியதும் அதைக் கழற்றிவிடவேண்டும். அதனுடன் தார்ச் சாலையில் ஓட்டுவது சாலையைப் பாழாக்கும் குற்றமாகும்.

சாமையும் கேழ்வரகும், குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளியும் விளையும் மேட்டுக்காடுகளில் முதல் மருந்து பொறுமை. மண்ணைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரவேண்டும். உதிராமல் பிசுபிசுத்தால் உழவுப் பதம் வரவில்லை. பதமில்லாத நிலத்தில் சங்கிலி பூட்டி ஓட்டினால் யந்திரம் போகலாம். ஆனால் சரிவில் அது கிழித்த தடமே அடுத்த மழைக்கு ஓடையாகி மேல்மண்ணை அடித்துச் சென்றுவிடும். சரிவுக்கு நேராக அன்றிக் குறுக்காக உழுவதும் அதனாலேயே.

இத்தகைய நிலங்களில் பதம் வந்த பிறகும் சக்கரம் சுழன்றால், பின்டயரில் தண்ணீர் நிரப்பலாம். டயரின் கொள்ளளவில் முக்கால் பாகம் வரை நிரப்புவது வழக்கம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. குளிர்நாடுகளில் நீர் உறையாதிருக்க உப்பு வகை கலப்பார்கள். நமக்கு அது தேவையில்லை. சுழற்சியைக் கணக்கிடவும் எளிய வழி உண்டு. கலப்பையை இறக்கி உழும்போது பின்சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தைக் குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரத்தை ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். எட்டரைச் சுற்று வந்தால் சுழற்சி 15 சதவீதம், அதுவரை சரி. ஏழு சுற்று வந்தால் 30 சதவீதம். டீசலில் பெரும்பகுதி வீணாகிறது, டயரும் தேய்கிறது என்று அறியவேண்டும்.

எஞ்சியிருப்பது, காட்டிலிருந்து தார்ச் சாலை வரை உள்ள குறுகிய மண் பாதை. கிழங்கைச் சேகோ ஆலைக்கு அனுப்பவேண்டிய நாளில் மழை பெய்து, அப்பாதையில் சிறிது தூரம் மட்டும் வழுக்குமானால், அங்கேதான் சங்கிலி உதவக்கூடும். அங்கும் முதலில் செய்யவேண்டியது வழுக்கும் இடத்தில் கல்லும் சரளையும் கொட்டிக் கெட்டித்து, ஓரத்தில் வடிகால் வெட்டுவது. ஒருவரின் சங்கிலி ஒருவரின் வண்டியை மட்டுமே ஏற்றும். கூட்டாகப் போட்ட சரளை எல்லாருடைய வண்டியையும் ஏற்றும்.

உயிருக்குக் காவல்

சங்கிலி பிடிப்பைக் கூட்டும், அபாயத்தையும் கூட்டலாம். சக்கரம் சுழல முடியாமல் சேற்றில் இறுகியிருக்கும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால், சக்கரத்துக்குப் பதிலாக யந்திரமே அச்சைச் சுற்றி எழும்பும். முன்பக்கம் மேலெழுந்து பின்னோக்கிக் கவிழ இரண்டு வினாடி கூட ஆகாது. ஓட்டுபவர் குதித்துத் தப்ப நேரம் இராது. ஆகவே சேற்றில் சிக்கிய பின்சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி ஏற்ற முயல்வதை அறவே விடவேண்டும். பாரத்தை இழுவைத் தண்டில் மட்டுமே பூட்டவேண்டும். பின் அச்சுக்கு மேலே எந்த இடத்திலும் கட்டக்கூடாது. சிக்கிய யந்திரத்தைப் பின்னோக்கி எடுக்க முயலுங்கள். இயலாவிடில் மற்றொரு யந்திரத்தைக் கொண்டு இழுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதே கடினம். சிறு டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. இரு சக்கரத்துக்கும் தனித்தனி மிதி இருக்கும். வயலில் திரும்புவதற்காக அவற்றைப் பிரித்து வைத்தவர், பாதைக்கு வருமுன் இரண்டையும் கொண்டியால் இணைக்கவேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிப் பள்ளத்தில் பாயும். ஏறுவதற்குப் போட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்கவேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்தபடி ஓட்டுவதும் ஆகாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள யந்திரமானால் வழுக்கும் இறக்கத்தில் அதைப் பூட்டிக்கொண்டால் முன்சக்கரங்களும் வேகத்தைத் தடுக்கும். உலர்ந்த தார்ச் சாலைக்கு வந்ததும் விடுவித்துவிடவேண்டும். பின்சக்கரங்களை இணைக்கும் டிஃபரன்ஷியல் லாக் நேரான ஓட்டத்துக்கு மட்டுமே. அதனுடன் வளைவில் திரும்ப முயலக்கூடாது. கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் உள்ள யந்திரத்தில் இருக்கைப் பட்டையையும் கட்டிக்கொள்ளவேண்டும். மட்கார்டின்மேல் யாரையும் உட்கார வைத்தலாகாது.

சங்கம் செய்யத்தக்கது

இனி, கடன் மனுவுக்கு வருவோம். ஒவ்வொரு அங்கத்தினரும் தனித்தனியே சங்கிலி வாங்குவது அவசியமற்ற செலவு. ஆண்டில் சில நாட்களே பயன்படும் பொருள் அது. நிர்வாகக் குழு முதலில் அங்கத்தினர்களிடமுள்ள யந்திரங்களின் டயர் எண்ணையும் மட்கார்டு இடைவெளியையும் ஒரு பதிவேட்டில் எழுதச் செய்யவேண்டும். ஒரே எண்ணுள்ள யந்திரங்கள் பல இருந்து, இடைவெளியும் போதுமானால், சாய்சதுரச் சங்கிலி ஒரு ஜோடியைச் சங்கத்தின் பேரில் வாங்கிக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். வாங்குமுன் குறைந்தது மூன்று இடங்களில் விலைப்புள்ளி பெற்று ஒப்பிடுவது முறை. திரும்பி வரும்போது கழுவி, கண்ணி எண்ணிப் பார்த்து, எண்ணெய் பூசித் தொங்கவிட்டால் துரு ஏறாது. கேஜ் வீலுக்கும் இதே முறை பொருந்தும். யந்திரத்தைப் பற்றிய ஐயங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையினரின் ஆலோசனையைப் பெறலாம்.

தேய்ந்த டயருக்குப் புதிய டயர், வழுக்கும் பாதைக்குச் சரளை, நெல் வயலுக்குக் கேஜ் வீல், மேட்டுக்காட்டுக்குப் பதம் வரும்வரை பொறுமை. இத்தனையும் செய்த பிறகும் சங்கிலி வேண்டுமென்று தோன்றினால் மட்டும் சங்கிலி. இந்த வரிசையில் மனுக்களைப் பரிசீலித்தால் சங்கத்தின் பணம் வீணாகாது. மழை நாளில் யந்திரத்தோடு காட்டுக்குப் போனவரும் மாலையில் நலமாக வீடு திரும்புவார்.